‘லெட்ஸ் ஸீ’ என்று நான் போய் எப்படிச் சொல்வது?

மகனே,

‘அன்புள்ள’ என்று முன்னால் ஒரு வார்த்தை போட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்று கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, கோபம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கூடுவாஞ்சேரியில் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு உன்னால் தலைவலி. பொத்தேரி ஹாஸ்டலில் பிள்ளைகள் எல்லாரும் கிளாசுக்குப் போய்விட்டார்கள். வார்டன் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் “இன்னொரு கால் வருதும்மா” என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து என் வாயை அடைக்க முடியாது அல்லவா? எழுதி முடித்ததும் பிள்ளைகளில் ஒருத்தியை விட்டுப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். பெங்களூரில் நீ எத்தனை மீட்டிங்கில் இருந்தாலும் சரி, முழுவதையும் படி.

விஷயம் உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாய். பொங்கல் கழித்து முட்டுக்காட்டுக்கு ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கப் போனோம். இப்போது ஆடிக் காற்று அடிக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் அம்மாவிடமிருந்து போன். “அண்ணி, தம்பி இன்னா சொல்லுது? மஸ்கட்லேர்ந்து மறுபடியும் கேட்டுகினு கீறாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இவுங்க அப்பா, கல்யாணம் ஆகப்போற பொண்ணு, எங்கயும் அனுப்ப மாட்டேன்றாரு. நாங்க இன்னா சொல்றது, நீங்களே சொல்லுங்க” என்றாள். கேளம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கிற பெண்ணுக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரி வேலை கொடுக்கிறது. ஒரு முறை உனக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தானாகவே இரண்டாவது முறை கேட்கிறார்கள். மூன்றாவது முறை யாரும் கேட்கப் போவதில்லை. இதையெல்லாம் விவரமாக உனக்கு எழுதி, ‘சரியா, இல்லையா, ஒரு வார்த்தை சொல்’ என்று கேட்டேன். நீ அனுப்பிய பதில், ‘லெட்ஸ் ஸீ மா’. கீழே ஒரு சிரிக்கிற பொம்மை.

யாருடா சிரிக்கிறது?

லெட்ஸ் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். எனக்கு இந்த ஹாஸ்டலில் வேலை கிடைத்த புதிது. வடக்கே இருந்து வரும் பிள்ளைகளோடு இங்கிலீஷில் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன், நீ கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வாத்தியார் வேலை பார்த்தாய். “லெட் அஸ்ஸு இருக்குல்ல, அதைச் சேர்த்துச் சுருக்கிட்டா லெட்ஸ். நடுவுல மேல ஒரு சின்னக் கொக்கி. நீ மட்டும் இல்ல, நான் மட்டும் இல்ல, நாம ரெண்டு பேரும்னு அர்த்தம்மா” என்றாய். அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை, கூடச் சேர்த்துக்கொள்கிற வார்த்தையாக இருந்தது. அடுத்த நாளே ஹாஸ்டலில் போய் “லெட்ஸ் கிளீன் த ரூம்” என்று சொல்லி, நானும் ஒரு துடைப்பத்தை எடுத்தேன். பிள்ளைகள் எழுந்து வந்தார்கள்.

இத்தனை வருஷமாக இந்த வார்த்தையை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “லெட்ஸ் கோ” என்று ஒருத்தி மாடியில் குரல் கொடுத்தால் போதும், படியில் செருப்புச் சத்தம் தடதட என்று இறங்கும், சொன்னவள் முன்னால் போவாள். “லெட்ஸ் ஈட்” என்றால் சொன்னவள் தட்டை எடுத்திருப்பாள். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் பரோட்டா தின்னப் போவதிலிருந்து பரீட்சைக்கு உட்கார்ந்து படிப்பது வரை எல்லாவற்றுக்கும் இவர்களுக்கு இந்த ஒரு வார்த்தைதான். சொல்கிறவளும் சேர்ந்து செய்கிறாள், அதனால் மற்றவர்களும் வருகிறார்கள். நம் வீட்டில் மட்டும் இது வேறு மாதிரி வேலை செய்கிறது. ‘லெட்ஸ் பெயிண்ட் த ஹவுஸ்’ என்று போன வருஷம் சொன்னாய். ஏணியில் ஏறியது முழங்கால் வலிக்காரர். ‘லெட்ஸ் ஷோ யுவர் ஐஸ் டு எ டாக்டர்’ என்றாய். ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனது நான் ஒருத்தி. நாமெல்லாம் சேர்ந்து என்று நீ சொல்லும்போதெல்லாம் அதில் நீ எங்கே இருக்கிறாய் என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

சரி, அதெல்லாம் சின்னச் சமாசாரம், பெற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். முட்டுக்காட்டில் நடந்தது சின்னச் சமாசாரம் இல்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், எவ்வளவு வற்புறுத்தினாலும் சோற்றில் மட்டும் கை நனைக்கக் கூடாது. கை நனைத்தால் எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், கேட்டால் அது நம்மைச் சந்தேகப்படுகிற மாதிரி. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று வித்தியாசம் இல்லை, நம் பக்கத்தில் எல்லாருக்கும் இதுதான். உனக்கு ஆறேழு வயதில், உன் மாமாவுக்குப் பெண் பார்க்க மதுராந்தகம் போனபோது, அந்த வீட்டுச் சாம்பார் வாசனைக்கு நீ அடம்பிடித்து அழுதாய், நான் தொடையில் கிள்ளிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அது உனக்கு மறந்துபோயிருக்கும். போகிற வழியில் காரிலேயே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை ஒரு முறை எழுதுகிறேன், நீ அப்போது பாதி நேரம் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். காபி முடிந்தது. நீயும் ஸ்டெல்லாவும் மாடியில் போய்ப் பேசிவிட்டு வந்தீர்கள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. எழுந்திருக்கப் போகிற நேரத்தில் அவள் அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “மடவை மீன் கொழம்பு வச்சிகிறேன், எறா தொக்கு கீது. ஒரு வாய் சாப்ட்டுனு போங்களேன்” என்றாள். அந்த ஒரு வாய்க்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் அப்பா, படகுத்துறையில் படகு ஓட்டுகிற அந்த மனிதர், தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ தலையை நிமிர்த்தி, கையைத் தேய்த்துக்கொண்டு, “லெட்ஸ் ஈட் மா” என்று சொன்னாய்.

அந்த மனிதர் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரே பாய்ச்சலாக எழுந்து வெளியே போய், உனக்குக் கை கழுவச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரே ஊற்றினார். நீ மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். எறா தொக்கு நல்லா இருக்கு ஆன்ட்டி என்று வேறு சொன்னாய். அவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “மாப்ள சாப்டுறாரு, வந்து பாருப்பா” என்று காட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். திரும்பி வரும்போது கோவளம்கூடத் தாண்டவில்லை, “அப்போ சர்ச்ல கல்யாண ஓலை வாசிக்க எப்ப சொல்லலாம்?” என்று அப்பா கேட்டார். நீ கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய், “லெட்ஸ் ஸீ ப்பா.”

அன்றிலிருந்து லெட்ஸ் ஸீதான். ஈஸ்டருக்கு வந்தபோது கேட்டேன், லெட்ஸ் ஸீ. உனக்கு ஜெர்மனியில் வேலை உறுதியான அன்று கேட்டேன், லெட்ஸ் ஸீ. “கை நனைச்சிட்டியேடா” என்று நான் கத்தினபோது, “எனக்குப் பசிச்சது, சாப்ட்டேன், அதுக்கு ஒரு அர்த்தமா?” என்று நீயும் கத்தினாய். சரி, தெரியாமல் சாப்பிட்டாய், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்த பிறகு என்ன செய்தாய்? அவள் அம்மா போன் செய்யும்போதெல்லாம் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, வேலை ஜாஸ்தி, விசா அலைச்சல் என்று நான்தான் உனக்காகப் புளுகிக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் “பரவால்ல அண்ணி, தம்பி ஒடம்ப பாத்துக்க சொல்லுங்க” என்று வைப்பாள். அதைக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தியைக் கேட்டேன். கெட்டிக்காரப் பெண், இரண்டாம் வருஷம். “ஒருத்தர் லெட்ஸ் ஸீன்னு சொன்னா என்னம்மா அர்த்தம்?” என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே, “சொன்னது யார் மேம், பையனா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்போ நோ மேம். நோ சொல்றதுக்கு தைரியம் இல்லாத நோ” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். இருபது வயதுகூட ஆகாத பிள்ளைக்குத் தெரிகிறது. இத்தனை மாதமாக எனக்குத் தெரியவில்லையா? தெரிந்துதான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க மனம் வரவில்லை.

நம் தமிழில் மட்டும் இது இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிகிறது. செங்கல்பட்டுப் பக்கத்தில் என் அப்பா ஆண்டை வீட்டு நிலத்தில் வேலை செய்தார். உனக்கு அந்த ஆண்டை என்கிற வார்த்தையே வேடிக்கையாக இருக்கும், எங்களுக்கு நிலத்துக்காரரைக் கூப்பிட வேறு வார்த்தை இல்லை. எங்கள் குடிசை நின்ற இடத்தை எழுதிக் கொடுங்கள் என்று அப்பா ஒவ்வொரு அறுப்பு முடிந்ததும் போய்க் கேட்பார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை, கை ஓங்கியதில்லை, அதட்டியதுகூட இல்லை. “பாக்கலாம் பாக்கலாம், நீ போ” என்பார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்பா அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டு வருவார். கூடவே வேலை செய்த இரண்டு குடும்பங்கள் சலித்துப்போய் ரயில்வே கேட் பக்கம் இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவையும் கூப்பிட்டார்கள். “பாக்கலாம்னு சொல்லிகிறாரு, நான் எப்டி போறது?” என்று அங்கேயே இருந்துவிட்டார். கடைசியில் அந்த நிலம் முழுவதும் பிளாட் போட்டு விற்கப்பட்டபோது எங்களுக்கு ஒரு முழம்கூட இல்லை. முடியாது என்று முதல் வருஷமே முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தால், அப்பா ஒரு ராத்திரி அழுதிருப்பார், மறுநாள் அவர்களோடு போயிருப்பார்.

காத்திருக்க வைக்க முடிந்தவன்தான் அந்த வார்த்தையைச் சொல்ல முடியும். என் அப்பா ஒரு நாளும் யாரிடமும் பாக்கலாம் என்று சொன்னதில்லை, அவருக்கு அந்த வசதியே இருந்ததில்லை. உனக்கு இருக்கிறது. உன்னைப் படிக்கவைத்து, டையும் ஷூவும் போட்டுவிட்டு, நாங்கள்தான் அந்த வசதியை உனக்கு வாங்கிக் கொடுத்தோம். அதை எடுத்துக்கொண்டு போய்ப் படகு ஓட்டுகிறவரின் மகள்மேல் பிரயோகிக்கிறாய். அந்த ஆண்டை சொன்னதை நீ இங்கிலீஷில் சொல்கிறாய், அதுவும் நாம் என்று சேர்த்துக்கொண்டு. எனக்கு வெட்கமாக இருக்கிறது மகனே. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

உனக்கு அவளைப் பிடிக்கவில்லை என்றால் சொல். வேறு யாராவது இருந்தாலும் சொல். நான் கத்துவேன், நாலு நாள் பேச மாட்டேன், அப்பா சாப்பிடாமல் படுப்பார், அதற்கு மேல் நாங்கள் என்ன செய்துவிடப் போகிறோம்? கல்யாணமே இப்போது வேண்டாம் என்றாலும் அதுவும் ஒரு பதில்தான். நாளைக்கு எந்த ஊருக்குப் போனாலும், யாரோடு வாழ்ந்தாலும், உன் பதிலுக்காக ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அவரை நிறுத்திவைக்காதே. நல்ல பெயர் கெட்டுவிடும் என்றுதானே இழுக்கிறாய்? இழுத்ததில் ஒரு பெயரும் மிச்சம் இல்லை.

நேற்று ஸ்டெல்லா இங்கே வந்தாள். டியூட்டி முடிந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல், கேளம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். வாசலில் நின்று “அத்தை” என்று கூப்பிட்டாள். உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். சுற்றி வளைக்கவில்லை.

“அத்தை, அவருக்கு என்னைப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் ஆயிடாது. தெனம் எத்தனையோ பேர்கிட்ட நான்தான் கெட்ட சேதி சொல்றேன், ஆஸ்பத்திரில. இப்டி தெரியாமயே கீறதுதான் பெரிய பேஜாரு. அவருக்கு மெசேஜ் போட்டேன். ‘லெட்ஸ் டாக் சூன்’னு வந்துச்சு. அதுவே ரெண்டு மாசம் ஆச்சு.”

ரெண்டு மாசம்! அது எனக்குத் தெரியாது. நீ அவளிடமும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறாய். அந்த இடத்தில் என் பொறுமை போய்விட்டது. “அவனுக்கு இஷ்டம் இல்லம்மா. நான் சொல்றேன். நீ மஸ்கட்டுக்குப் போ” என்று சொல்லிவிட்டேன். ஆமாம், உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். இத்தனை மாதம் கேட்டாயிற்று.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரும்பக் கட்டிக்கொண்டாள். “போறேன். ஆனா அப்பா விட மாட்டாரு. மாப்ள சாப்ட்டுனு போனாருன்னு படகுத்தொறை பூரா சொல்லி வச்சிகிறாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு, வேலைக்குப் போறதுக்காகப் பொய் சொல்றேன்னுவாரு. நீங்க சொன்னா, அம்மாவுக்குப் புடிக்கல, பையனுக்குப் புடிச்சிருக்குன்னுவாரு. சாப்ட்டவரே வந்து சொல்லட்டும்” என்றாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டினாள். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, “வர்றேன் ஆன்ட்டி” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஒரு மருமகள் போய்விட்டாள். ரோட்டு ஓரத்தில் நின்று அழுதேன், போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள்.

இன்று புதன்கிழமை. அவள் பதில் சொல்ல வேண்டியது வெள்ளிக்கிழமை. நாளைக் காலையில் பெங்களூரில் பஸ் ஏறினால் சாயங்காலம் படகு நிறுத்துகிற நேரத்துக்கு முட்டுக்காட்டில் இருக்கலாம். நான் வர மாட்டேன். அப்பாவும் வர மாட்டார், அவரிடம் பேசிவிட்டேன். அந்த மனிதர் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறி வருவார். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று நினைத்து ஓடி வந்து உன் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் கையை விடுவதற்கு முன்னால் சொல்லிவிடு, ‘எனக்கு உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் இல்லை, அவளை வேலைக்கு அனுப்புங்கள்’ என்று. தமிழிலேயே சொல். திட்டினால் நின்று வாங்கிக்கொள். அவர் ஒன்றுமே சொல்லாமல் உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றால், அதற்கும் நில்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. சொல்லாமல் விமானம் ஏறுவதாக இருந்தால், கூடுவாஞ்சேரியில் இறங்க வேண்டாம்.

உன் அம்மா